பிரேக் ரெசிஸ்டர் சூடேறினால் எந்த கான்டாக்டர் விழும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கப்பலூர் சிட்கோவிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் அவற்றைச் சுற்றியும் பழைய லேத்துக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) மாட்டி ஓட்டும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. கிளட்சும் கியர் லீவரும் போய் ஒரு மோட்டார், ஒரு டிரைவ், ஒரு பெல்ட் என்று ஆன பிறகு டர்னர் வேலை எவ்வளவோ சுலபமாகிவிட்டது. ஸ்டாப் பட்டனை அழுத்தினால் ஸ்பிண்டில் (ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய பொருளைச் சுழற்றும் தண்டு) நாலைந்து விநாடியில் நிற்கிறது. அப்படி நிற்கவைப்பதில் பெரும்பங்கு, பேனல் தலையில் ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் இருந்து, நிற்கும்போது வரும் சக்தியைச் சூடாக மாற்றும் பிரேக் ரெசிஸ்டருக்கு. கடையில் அதை வாங்கும்போது எத்தனை ஓம் என்று மட்டும் கேட்கிறோம். எத்தனை வாட், எங்கே மாட்டுவது, அளவுக்கு மீறிச் சூடேறினால் எந்த கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) விழுந்து கரண்டைத் துண்டிக்கும் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத பேனல் எதுவாக இருந்தாலும் அது தீப்பிடிக்கக்கூடிய பேனல். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே டிரைவ்கள் ஏற்கனவே கொதிக்கும் என்பதால், வெயிலுக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறோம்.

கணக்கிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜாப்பைப் பிடிக்கும் 10 இஞ்ச் பவர் சக்கின் இனர்ஷியா (சுழல்வதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்ற அளவு) சுமார் 0.3 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர். ஸ்பிண்டில், மோட்டார் ரோட்டார், சக்கில் பிடித்த ஜாப் எல்லாம் சேர்த்து 0.4 என்று வைத்துக்கொள்வோம். 3000 ஆர்.பி.எம். என்பது விநாடிக்கு 314 ரேடியன். 314-ஐ 314-ஆல் பெருக்கி, அதை 0.4-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 19,700 ஜூல் வரும். ஸ்டாப் அழுத்தியதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி இதைத் திரும்ப டிரைவுக்குள் தள்ளுகிறது. பெல்ட், பேரிங், மோட்டார் காயில் ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 15,800 ஜூல் டி.சி. பஸ்ஸுக்கு (டிரைவுக்குள் இருக்கும் டி.சி. லைனுக்கு) வந்து சேரும்.

சாதாரண டிரைவின் உள்ளே இருப்பது டயோடு பிரிட்ஜ். லைனிலிருந்து உள்ளே வரத்தான் அதில் வழி உண்டு, லைனுக்குத் திரும்ப வழி இல்லை. ஆகவே வந்ததெல்லாம் கெப்பாசிட்டரில் ஏறும். 415 வோல்ட் சப்ளையில் பஸ் சும்மா இருக்கும்போது 587 வோல்ட். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 587-லிருந்து 780 வோல்ட் வரை ஏறுவதற்குள் வாங்கிக்கொள்வது வெறும் 130 ஜூல். 15,800 எங்கே, 130 எங்கே! 800 வோல்ட்டைத் தாண்டிச் சிறிது ஏறியதும் டிரைவ் ஓவர்வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகிவிடும், ஸ்பிண்டில் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கத்தான் டிரைவுக்குள் பிரேக் டிரான்சிஸ்டர் இருக்கிறது. பஸ் வோல்டேஜ் ஒரு அளவைத் தொட்டதும் அது ரெசிஸ்டரை பஸ்ஸின் குறுக்கே இணைத்து, இறங்கியதும் விடுவிக்கும். அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தக் கடிதத்தில் 780 வோல்ட் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கேட்டலாக் பார்த்து இனர்ஷியா எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஜப்பான் கேட்டலாக்குகளில் ஜிடி ஸ்கொயர் என்று ஒரு எண் இருக்கும். அதை நாலால் வகுத்தால்தான் மேலே சொன்ன இனர்ஷியா கிடைக்கும். வகுக்காமல் போட்டால் நாலு மடங்கு பெரிய ரெசிஸ்டர் தேவை என்று கணக்கு காட்டும், "இவ்வளவு விலையா" என்று கணக்கையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இப்போது ஓம். 7.5 கிலோவாட், அதாவது 10 எச்.பி. டிரைவுக்குப் பல மேனுவல்களில் 75 ஓம் என்றிருக்கும். 780 வோல்ட்டில் 75 ஓம் இழுப்பது 10.4 ஆம்பியர், தின்பது 8,100 வாட். மேலே சொன்ன 15,800 ஜூலை 4 விநாடியில் நேர்க்கோட்டில் இறக்கினால் சராசரி 3,950 வாட். ஆனால் ஸ்பீடு அதிகமாக இருக்கும் முதல் கணத்தில் அதைப்போல இரண்டு மடங்கு, 7,900 வாட் வரும். 75 ஓம் அதைத் தாங்கும். அதையே 3 விநாடியாகக் குறைத்தால் முதல் கணத்தில் 10,500 வாட். ரெசிஸ்டர் தின்னுவதைவிட வருவது அதிகம், பஸ் ஏறும், டிரிப். "ரெசிஸ்டர் போட்ட பிறகும் டிரிப் ஆகுதே" என்று சொல்லும் பட்டறைகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு விநாடியைத்தான்.

அங்கேதான் பலர் இன்னொரு 75 ஓமை வாங்கி பேரலலாகச் சேர்க்கிறார்கள். இப்போது 37.5 ஓம், 780 வோல்ட்டில் 20.8 ஆம்பியர். உள்ளே இருக்கும் பிரேக் டிரான்சிஸ்டர் அதற்குச் செய்யப்பட்டதல்ல. மேனுவலில் "குறைந்தபட்ச ஓம்" என்று போட்டிருப்பது சிபாரிசு இல்லை, அந்த டிரான்சிஸ்டரின் உயிர்க்கோடு. அதற்குக் கீழே ஒரு ஓம்கூடப் போகக் கூடாது. வாட் மட்டும் கூட வேண்டும், ஓம் மாறக் கூடாது என்றால் நாலு 75 ஓம் ரெசிஸ்டரை எடுத்து, இரண்டிரண்டாக சீரியஸில் கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் அதே 75 ஓம், வாட் நாலு மடங்கு. நாலும் ஒரே வாட், ஒரே மேக்காக இருக்கட்டும்.

தண்ணீர் சூடாக்கும் இம்மர்ஷன் ராடை ரெசிஸ்டராகப் போடும் பழக்கம் ஆங்காங்கே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 1500 வாட் ராடு என்பது 35 ஓம், 10 எச்.பி. டிரைவுக்கு அதுவே குறைவு. அதன் இன்சுலேஷன் 230 வோல்ட் ஏ.சி.க்குச் செய்தது, இங்கே பாய்வது 780 வோல்ட் டி.சி. தண்ணீருக்குள் இருக்கும் வரைதான் அந்த ராடுக்கு அதன் வாட், காற்றில் வைத்தால் சில நிமிடத்தில் சிவந்து வெடிக்கும்.

வாட் கணக்குக்கு ஸ்டாப் நேரம் வேண்டாம், சைக்கிள் நேரம் வேண்டும். ஒரு ஜாப்புக்கு 60 விநாடி, ஒரு முறை நிற்கிறது என்றால் 15,800-ஐ 60-ஆல் வகுத்தால் 263 வாட். அதுவே சின்ன புஷ், 25 விநாடி சைக்கிள் என்றால் 632 வாட். இது தொடர்ந்து, ஷிஃப்ட் முழுக்க. இதோடு ஃபேசிங்கில் (ஜாப்பின் முகத்தைச் சீவுவதில்) வரும் சூட்டையும் சேர்க்க வேண்டும், அதைக் கணக்கில் எடுப்பவரே இல்லை. ஜி96-இல் (வெட்டும் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் சி.என்.சி. கட்டளை) ஓட்டும்போது டூல் சென்டரை நெருங்க நெருங்க ஸ்பிண்டில் ஸ்பீடு ஏறி ஜி50-இல் கொடுத்த உச்சத்தைத் தொடும். பிறகு டூலை வெளியே இழுத்ததும் ஸ்பீடு மறுபடி இறங்கும். அந்த இறக்கமும் பிரேக்கிங்தான். ஒரு ஜாப்பில் மூன்று ஃபேசிங் பாஸ் இருந்தால், ஸ்பிண்டில் ஒரு முறைகூட நிற்காமலே மூன்று முறை ரெசிஸ்டர் சூடேறியிருக்கும். ஜி50-இல் உச்சத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். சக்தி ஸ்பீடின் ஸ்கொயரில் ஏறுவது. 3000-ஐ 2400 ஆக்கினால் சூடு 36 சதவீதம் குறையும், ஜாப் நேரம் அந்த அளவுக்குக் கூடாது.

ரேம்ப் நேரத்தை (ஸ்பீடு இறங்கி நிற்க எடுக்கும் நேரத்தை) 4-லிருந்து 6 விநாடி ஆக்கினால் சூடு குறையும் என்று நம்புபவர்கள் உண்டு. உச்ச வாட் குறையும், டிரிப் நிற்கும், அது உண்மை. ஆனால் ஒரு ஸ்டாப்புக்கு ரெசிஸ்டரில் சேரும் மொத்தச் சூடு கிட்டத்தட்ட அதேதான். பெல்ட்டும் பேரிங்கும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், அவ்வளவுதான்.

ரெசிஸ்டர் பெட்டியில் 10 சதவீதம் இ.டி. என்று அச்சிட்டிருந்தால், மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது வேலை செய்யலாம் என்று பொருள். தங்க நிற அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் வாட், அதைப் பெரிய அலுமினியத் தகட்டில் ஹீட்சிங்க் பேஸ்ட் தடவி இறுக்கியிருந்தால்தான் கிடைக்கும். டை போட்டுத் தொங்கவிட்டால் பாதிகூட வராது. மேலே சொன்ன லேத்துக்கு 75 ஓம், 1000 வாட், வெள்ளை செராமிக் குழாயில் கம்பி சுற்றிய வகை, தெர்மல் சுவிட்சோடு (சூடேறினால் தானாகத் திறக்கும் சுவிட்ச்) சேர்த்து வாங்கச் சொல்லுவோம். கோடையில் கூரைக்குக் கீழே 45 டிகிரி இருக்கும் இடத்தில் 632 வாட் கணக்குக்கு 1000 வாட் அதிகமில்லை.

இனி இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம்.

பிரேக் டிரான்சிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும். அப்போது ரெசிஸ்டர் பஸ்ஸின் குறுக்கே நிரந்தரமாக மாட்டிக்கொண்டது போல் ஆகிவிடும். 587 வோல்ட், 75 ஓம், 7.8 ஆம்பியர், 4,600 வாட். 1000 வாட் ரெசிஸ்டரில் 4,600 வாட், இடைவெளியே இல்லாமல். ஸ்பிண்டில் நின்றிருக்கும், ஆப்பரேட்டர் டீ குடிக்கப் போயிருப்பார், டிஸ்ப்ளேயில் எதுவும் காட்டாமல்கூட இருக்கலாம். செராமிக் முதலில் பழுப்பாகும், பிறகு சிவக்கும், மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு புகையும், பக்கத்து பி.வி.சி. ஒயர் உருகி வழியும்.

எம்.சி.பி. விழாதா என்று கேட்பார்கள். விழாது. 4,600 வாட் என்பது லைனில் ஒரு ஃபேஸுக்கு 10 ஆம்பியருக்குள் அடங்கும். 10 எச்.பி. டிரைவுக்குப் போட்டிருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. ஃபியூஸும் அப்படித்தான். டிரைவின் ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் கெட்டுப்போனது டிரைவின் பேச்சைக் கேட்க வேண்டிய டிரான்சிஸ்டரேதான். டிரைவுக்கு வரும் மூன்று ஃபேஸையும் துண்டித்தால் ஒழிய இந்தச் சூடு நிற்காது.

அதனால்தான் தெர்மல் சுவிட்ச் வேண்டும் என்கிறோம். அதைவிட முக்கியம், அதன் ஒயர் எங்கே போகிறது என்பது. பல பேனல்களில் தெர்மல் சுவிட்ச் இருக்கிறது, ஆனால் அது டிரைவின் எக்ஸ்டர்னல் ஃபால்ட் இன்புட்டுக்கு மட்டும் போயிருக்கும். சூடேறியதும் டிரைவ் ஃபால்ட் காட்டி மோட்டாரை விட்டுவிடும், ஷார்ட்டான டிரான்சிஸ்டர் வழியாக 4,600 வாட் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். பார்ப்பவருக்குப் பாதுகாப்பு இருப்பது போலத் தோன்றுவதால், சுவிட்சே இல்லாததைவிட இது மோசம். தெர்மல் சுவிட்சின் நார்மலி குளோஸ்டு (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்டை டிரைவுக்கு முன்னால் இருக்கும் கான்டாக்டரின் காயிலோடு சீரியஸில் போட வேண்டும். எக்ஸ்டர்னல் ஃபால்ட்டுக்கும் ஒரு கான்டாக்ட் கொடுக்கலாம், அது கூடுதல்.

அந்த கான்டாக்டர் டிரைவுக்கு மட்டும் தனியாக இருக்க வேண்டும். இதில் கவனம் தேவை. சில பேனல்களில் ஹைட்ராலிக் பம்ப், கூலன்ட், ஸ்பிண்டில் டிரைவ் மூன்றும் ஒரே மெயின் கான்டாக்டரில் இருக்கும். ஸ்பிண்டில் 3000-இல் ஓடும்போது தெர்மல் சுவிட்ச் விழுந்தால் பிரேக்கிங் கிடையாது, ஸ்பிண்டில் தானாகச் சுற்றி ஓய அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அந்த அரை நிமிடமும் சக் ஜாப்பை இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்து நின்றால் சிலிண்டரின் செக் வால்வை மட்டும் நம்பி இருக்கிறோம். வால்வில் கசிவிருந்தால் ஜாப் கதவை நோக்கிப் பறக்கும். பம்பும் டோர் லாக்கும் வேறு கான்டாக்டரில் இருக்கட்டும். ஸ்பிண்டில் முழுக்க நின்ற பிறகே கதவு திறக்கட்டும்.

இன்னொன்று, சூடு ஆறியதும் தெர்மல் சுவிட்ச் தானாக மூடிக்கொள்ளும். கான்டாக்டரும் தானாக ஏறிவிட்டால் மறுபடி சூடேறும், மறுபடி விழும், இரவு முழுக்க இப்படி ஏறி இறங்கி கடைசியில் கான்டாக்ட் வெல்டாகிவிடும். ஹோல்டிங் கான்டாக்டோடு, ஆள் வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்தான் ஏறும்படி ஒயரிங் செய்யுங்கள்.

தெர்மல் சுவிட்ச் இல்லாத பழைய ரெசிஸ்டர் கையில் இருந்தால் பைமெட்டல் ஓவர்லோடு ரிலே ஒன்றைப் போடலாம். மூன்று போலையும் சீரியஸில் கோத்து ரெசிஸ்டர் ஒயரில் சேர்த்து, அதன் 95-96 கான்டாக்டை கான்டாக்டர் காயிலுக்குக் கொடுக்க வேண்டும். செட்டிங்குக்கு வாட்டை ஓமால் வகுத்து ஸ்கொயர் ரூட் எடுங்கள். 1000 வகுத்தல் 75, ரூட் போட்டால் 3.65 ஆம்பியர். 3.6-இல் வையுங்கள். சில விநாடிக்கு மட்டும் வரும் பிரேக்கிங் கரண்டுக்கு அது விழாது. நிரந்தரமாக ஓடும் 7.8 ஆம்பியருக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் விழும். ஹேண்ட் ரீசெட்டில் வைக்க மறக்காதீர்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்புப் பட்டனை அழுத்தியதும் டிரைவின் கான்டாக்டரை உடனே விழவைப்பது பழைய பழக்கம். வி.எஃப்.டி. ஸ்பிண்டிலில் அப்படிச் செய்தால் பிரேக் ரெசிஸ்டருக்கு வேலையே இல்லாமல் ஸ்பிண்டில் நீண்ட நேரம் சுற்றும், அதாவது அவசரத்தில்தான் அதிக நேரம் சுற்றும். ஐ.இ.சி. 60204-1 தரநிலை இரண்டு வழிகளையும் சொல்கிறது. வகை 0 என்பது உடனடித் துண்டிப்பு, வகை 1 என்பது முதலில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டுப் பிறகு துண்டிப்பு. லேத் ஸ்பிண்டிலுக்கு வகை 1 பொருந்தும். பட்டன் அழுத்தியதும் டிரைவுக்கு வேகமான ஸ்டாப் சிக்னல், 5 விநாடி ஆஃப்-டிலே டைமர் முடிந்ததும் கான்டாக்டர் விழ வேண்டும். ரெசிஸ்டரின் தெர்மல் சுவிட்ச் மட்டும் இந்த டைமர் வழியாகப் போகக் கூடாது, நேரடியாகத் துண்டிக்க வேண்டும்.

மாட்டும் இடம். மூடிய பேனலுக்குள் கண்டிப்பாக வேண்டாம். நூற்றுக்கணக்கான வாட் சூட்டை உள்ளே விட்டால் 40 டிகிரி வரை ஓட என்று செய்த டிரைவின் கெப்பாசிட்டர்களுக்குத்தான் முதலில் ஆயுள் குறையும். பேனலின் மேல் தகட்டில், ஓட்டை போட்ட மூடியோடு, காற்று கீழிருந்து மேலே போகும்படி மாட்டுங்கள். நான்கு பக்கமும் 15 சென்டிமீட்டர் இடைவெளி. வேலை செய்யும்போது குழாயின் மேல் 300 டிகிரி வரை ஏறக்கூடும். சூடாக இருக்கிறதே என்று ஈரக் கையுறையையும் வேஸ்ட் காட்டனையும் அதன் மேல் காயப்போடுவதைப் பார்க்கிறோம். எண்ணெய் ஊறிய காட்டன் பற்ற அந்தச் சூடே போதும். வார்ப்பிரும்பு ஓட்டும் பட்டறையில் கருந்தூள் குழாய்களுக்கு இடையே படிந்து பாடிக்கு லீக்கேஜ் கொடுக்கும். மாதம் ஒரு முறை கரண்டைத் துண்டித்து, ஆறவிட்டு, பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். காற்றடித்தால் தூள் டிரைவுக்குள் போய்விடும்.

ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்., 1100 வோல்ட் கிரேடு. ரெசிஸ்டரிலிருந்து முதல் அரை மீட்டராவது சிலிக்கான் அல்லது கண்ணாடி நார் உறை போட்ட ஒயராக இருக்கட்டும். பி.வி.சி. 70 டிகிரிக்கு மேல் தாங்காது. இரண்டு ஒயரையும் முறுக்கிக் கொண்டுபோங்கள், நீளம் 5 மீட்டருக்குள். என்கோடர் (ஸ்பிண்டில் சுற்றும் நிலையை அளக்கும் கருவி) கேபிளோடு ஒரே டக்டில் போட்டால் சுவிட்சிங் நாய்ஸ் ஏறி, ஸ்பிண்டிலைக் குறித்த கோணத்தில் நிறுத்தும் ஓரியன்டேஷன் தவறும். பெட்டிக்கு எர்த் கட்டாயம். சூடேறி ஆறும்போது ஸ்குரூ தளரும், லக் கறுத்துப்போகும். முதல் வாரம் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கினால் பாதிப் பிரச்சினை வராது.

இணைப்பதில் நடக்கும் பெரிய தவறு, ரெசிஸ்டரை டிரைவின் பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் போடுவது. பிளஸ்ஸுக்கும் பிரேக் முனைக்கும் நடுவில்தான் போட வேண்டும். மைனஸில் போட்டால் கரண்ட் கொடுத்த அந்த நொடியிலிருந்தே 4,600 வாட், டிரான்சிஸ்டர் ஷார்ட்டான அதே நிலை. முனைகளின் பெயர் மாடலுக்கு மாடல் மாறுவதால், கவரில் ஒட்டிய படத்தைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். சில பெரிய டிரைவ்களில் பிரேக் டிரான்சிஸ்டர் உள்ளே இருக்காது, தனி பிரேக் யூனிட் வாங்க வேண்டும். லைனுக்கே சக்தியைத் திருப்பி அனுப்பும் ஸ்பிண்டில் சிஸ்டங்களும் உண்டு. ஃபானுக் ஆல்ஃபா ஐ வரிசையின் பெரும்பாலான பவர் சப்ளைகள் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு ரெசிஸ்டரே தேவையில்லை.

அப்படியானால் எல்லா லேத்துக்கும் ரீஜெனரேட்டிவ் யூனிட் வாங்கிவிடலாமே என்றால், கணக்கு ஒத்துவராது. 60 விநாடிக்கு ஒரு ஸ்டாப், 16 மணி நேரம் ஓட்டினால் 960 ஸ்டாப். மொத்தம் ஒரு நாளைக்கு 4.2 யூனிட். அதற்காக டிரைவ் விலையில் ஒரு பெட்டி வாங்க வேண்டாம்.

பாராமீட்டரில் கட்டாயம் மாற்ற வேண்டியது டீசெலரேஷன் (ஸ்பீடு இறங்கும்) நேர ஓவர்வோல்டேஜ் ஸ்டால் தடுப்பு. அது ஆனில் இருந்தால் பஸ் ஏறுவதைப் பார்த்து டிரைவ் தானே ரேம்ப்பை நீட்டிக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு வேலை வராது. 4 விநாடி கொடுத்தும் 9 விநாடி எடுக்கிறது, ரெசிஸ்டர் கை சுடவே இல்லை என்றால் இதுதான் காரணம். யாஸ்கவா ஏ1000-இல் எல்3-04-ஐ 0 அல்லது 3 ஆக்க வேண்டும். மிட்சுபிஷியின் இ700 போன்றவற்றில் பாராமீட்டர் 30-ம் 70-ம் ரெசிஸ்டருக்கு ஏற்ப மாற வேண்டும். மற்றவற்றுக்கு மேனுவல் பாருங்கள்.

பிரேக் ஆனாகும் வோல்டேஜைக் குறைத்து வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் 660 வோல்ட்டுக்கு இறக்குகிறார்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாள் போல, பேட்டை முழுக்க லீவு விட்டு ஒன்றிரண்டு பட்டறை மட்டும் ஓடும் நாளை நினைத்துப் பாருங்கள். லோடு இல்லாமல் லைன் 457 வோல்ட்டுக்கு ஏறினால் பஸ் 646. பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டரை ஆஃப் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் ஏறி 660-ஐத் தொடலாம். அப்போது ஸ்பிண்டில் நின்றிருக்கும்போதே பிரேக் டிரான்சிஸ்டர் ஆனாகி ரெசிஸ்டர் சுட ஆரம்பிக்கும். கம்பெனி வைத்த அளவைத் தொடாதீர்கள். ரெசிஸ்டரைச் சரியான முனைகளில் இணைத்திருந்தும், டிரைவ் சும்மா நிற்கும்போது அது சுட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று இந்த வோல்டேஜ் அளவு, மற்றது ஷார்ட்டான டிரான்சிஸ்டர். எதுவாக இருந்தாலும் உடனே மெயினை இறக்குங்கள்.

சோதிக்கும் முறை. மெயினை இறக்கி 10 நிமிடம் காத்திருங்கள். சார்ஜ் லைட் அணைந்ததை நம்பாமல் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மீட்டர் வைத்து, வோல்டேஜ் வடிந்துவிட்டதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ரெசிஸ்டரின் இரண்டு ஒயரையும் டிரைவிலிருந்து கழற்றுங்கள். ஓம் அளந்தால் 75-க்கு அருகில் காட்ட வேண்டும். ஓபன் என்றால் கம்பி அறுந்திருக்கிறது. கழற்றிய நிலையில் மட்டும் 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பாடிக்குச் சோதிக்கலாம், டிரைவோடு இணைந்திருக்கும்போது மெகர் போட்டால் டிரைவ் போய்விடும். அடுத்து மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு புரோப் மைனஸ் முனையிலும் கறுப்பு பிரேக் முனையிலும் வைத்தால் 0.4 வோல்ட் போலக் காட்டும். புரோப்பை மாற்றி வைத்தால் ஓபன் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பீப் அடித்தால் டிரான்சிஸ்டர் ஷார்ட். அந்த டிரைவைப் புது ரெசிஸ்டரோடு மறுபடி ஆன் செய்யாதீர்கள், புது ரெசிஸ்டரும் எரியும். ரெசிஸ்டர் எரிந்த ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

தெர்மல் சுவிட்சைச் சோதிக்க ரெசிஸ்டரைச் சுடவைக்க வேண்டியதில்லை. ஸ்பிண்டில் நின்றிருக்கும்போது கன்ட்ரோல் சப்ளையை இறக்கி, சுவிட்சின் ஒரு ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் அழுத்துங்கள். டிரைவின் கான்டாக்டர் ஏறக் கூடாது. ஏறினால் அந்த சுவிட்ச் எதையும் காக்கவில்லை. பத்து நிமிட வேலைதான், இந்த வாரமே ஒவ்வொரு லேத்திலும் செய்து பார்க்கலாம்.

மதுரை மாவட்டச் சிறுதொழில் சங்கமான மடீட்சியா தன் உறுப்பினர் பட்டறைகளில் இந்தச் சோதனையை ஒரு நாள் முகாமாக நடத்தினால் பெரிய உதவி. கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யின் எலெக்ட்ரீஷியன் பிரிவில் டிரைவ் ஒயரிங் சொல்லித்தரும்போது ரெசிஸ்டர், தெர்மல் சுவிட்ச், தனி கான்டாக்டர் மூன்றையும் ஒரே பலகையில் மாட்டிக் காட்டுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வெளியே வரும் பிள்ளைகள்தான் நாளை இந்தப் பேனல்களை ஒயரிங் செய்யப் போகிறவர்கள். பழைய லேத்தை மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குகளிடம் பட்டறை உரிமையாளர்கள் கொட்டேஷனிலேயே "தெர்மல் சுவிட்ச் டிரைவின் கான்டாக்டரை விழவைக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஸ்பிண்டில் டிரைவ் பராமரிப்புப் பணியாளர்கள்,
கப்பலூர், மதுரை மாவட்டம்